ஓடிக்கொண்டிருக்கும் நீர்மின் நிலையத்தில் ஆராய்ச்சிக்கு என்ன வேலை?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: நீர்மின் தொழில்நுட்பம் நூறு வருடத்துக்கு மேல் பழையது. நல்ல டர்பைனின் செயல்திறன் எப்போதோ 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சந்தேகம் வந்தால் ஆய்வகத்தில் சின்ன மாதிரி செய்து பார்க்கலாம், இல்லையென்றால் கணினியில் கணக்குப் போடலாம். அப்படியிருக்க, மின்சாரம் தயாரித்துக்கொண்டிருக்கும் நிலையத்துக்குள்ளேயே போய் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?

நியாயமான சந்தேகம்தான். ஆனால் அந்த 90 சதவீதம் ஒரு குறிப்பிட்ட லோடில், அதாவது குறிப்பிட்ட அளவு மின்சாரம் எடுக்கும்போது, மட்டும் கிடைப்பது. அந்த லோடிலேயே நாள் முழுக்க ஓடும் இயந்திரங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. காற்றாலையும் சூரிய மின்சாரமும் மின் கட்டமைப்பான கிரிட்டில் கூடக்கூட, அவற்றின் ஏற்ற இறக்கத்தை ஈடுகட்டும் வேலை நீர்மின் நிலையத்தின் தலையில் விழுகிறது. முன்பெல்லாம் வாரக்கணக்கில் ஒரே சீராக ஓடிய டர்பைனை இப்போது ஒரே நாளில் பலமுறை நிறுத்துகிறார்கள், மறுபடி எடுக்கிறார்கள், பாதி லோடில் இழுக்கிறார்கள். வடிவமைத்தவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஓட்டம் அது. அப்படி ஓட்டினால் இயந்திரம் என்ன பாடுபடும் என்பதுதான் இன்றைய ஆராய்ச்சியில் பெரும்பகுதி. அதை அந்த இயந்திரத்திடமே போய்த்தான் கேட்க வேண்டும்.

ஏன் மாதிரி போதாது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஆய்வக மாதிரியில் ரன்னரின், அதாவது டர்பைனில் தண்ணீர் சுழற்றும் சக்கரத்தின், விட்டம் அரை மீட்டருக்குள் இருக்கும். நிஜ நிலையத்தில் ஐந்தாறு மீட்டர்கூட இருக்கும். வடிவத்தைச் சுருக்கலாம், தண்ணீரைச் சுருக்க முடியாது. அதன் பிசுக்குத்தன்மை, அழுத்தம் குறையும் இடத்தில் குமிழி உண்டாகும் விதம், உலோகம் வளைந்து அதிரும் விதம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதிப்படி மாறும். ஒன்றைப் பொருத்தினால் இன்னொன்று விலகிப் போகும். செயல்திறனைப் பொறுத்தவரை இதற்குத் திருத்தக் கணக்கு உண்டு, அது நன்றாகவே வேலை செய்கிறது. டர்பைன் வாங்குகிறவர்கள் மாதிரிச் சோதனையை நம்பித்தான் இன்றும் பணம் கொடுக்கிறார்கள்.

சிக்கல் அதிர்வில் வருகிறது. பிரான்சிஸ் என்ற வகை டர்பைனைக் குறைந்த லோடில் ஓட்டும்போது, ரன்னரிலிருந்து வெளியேறும் தண்ணீர் சுழன்றபடியே கீழே இறங்கும். தண்ணீரை வெளியேற்றும் டிராஃப்ட் டியூபுக்குள் அது திருகிய கயிறுபோல ஒரு சுழலாக மாறி, ரன்னர் சுற்றும் வேகத்தில் ஏறக்குறைய கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் தானும் சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அழுத்தத் துடிப்பு. 1940லேயே ரெயிங்கன்ஸ் என்ற பொறியாளர், நிலையங்களில் மின் உற்பத்தி காரணமில்லாமல் ஏறி இறங்குவதை இந்தச் சுழலோடு தொடர்புபடுத்தி எழுதினார். அந்தத் துடிப்பு சும்மா போய்விடுமா, பெரிதாகுமா என்பது டர்பைனை மட்டும் பொறுத்ததல்ல. மேலே இருக்கும் சுரங்கப்பாதை, டர்பைனுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பென்ஸ்டாக் குழாய், அதற்குள் நிற்கும் மொத்தத் தண்ணீர், மறுமுனையில் ஜெனரேட்டர், அதன் பின்னால் கிரிட் என எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும் விஷயம் அது. ஆய்வகத்தின் குழாய் வேறு, மலைக்குள் கிலோமீட்டர் கணக்கில் போகும் குழாய் வேறு. இந்த ஒரு காரணமே போதும், ஆராய்ச்சியாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போவதற்கு.

இதை வெறும் கல்விக் கவலை என்று நினைக்க வேண்டாம். ரஷ்யாவில் சயானோ-சூஷென்ஸ்கயா நிலையத்தின் 2ஆம் இயந்திரம் 2009 ஆகஸ்ட் 17 அன்று மேல்மூடியோடு பிய்த்துக்கொண்டு எழும்பியது. இயந்திரக்கூடம் வெள்ளத்தில் மூழ்கி 75 பேர் இறந்தார்கள். மூடியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் உலோகச் சோர்வால் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது விசாரணையில் தெரிந்தது. கிரிட்டைச் சரிக்கட்டும் வேலையில் இருந்த அந்த இயந்திரம், ஓட்டக் கூடாத லோடு எல்லையை அன்று திரும்பத் திரும்பக் கடந்துகொண்டிருந்தது. அந்த விபத்துக்குப் பிறகு அதிர்வு அளப்பதைப் பற்றிப் பேசும்போது யாரும் கொட்டாவி விடுவதில்லை.

சரி, நிஜ இயந்திரத்தையே ஆய்வுக்கு ஒதுக்கியவர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து மிகச் சுத்தமான உதாரணம் ஸ்வீடனின் வடகோடியில், லூலே ஆற்றில் உள்ள பொர்யூஸ். இரும்புத்தாது ஏற்றிப்போகும் ரயில்பாதைக்கு மின்சாரம் தர 1910களில் கட்டப்பட்ட நிலையம் அது. பிற்காலத்தில் பக்கத்தில் புதிய நிலையம் வந்ததும், பழைய கட்டடத்தில் இருந்த இரண்டு இயந்திர இடங்களைப் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் ஒதுக்கிவிட்டார்கள். ஓர் இடத்தில் 10 மெகாவாட் கப்லான் வகை டர்பைன் இருக்கிறது. யு-9 என்று பெயர். ரன்னர் விட்டம் 1.55 மீட்டர், தண்ணீர் விழும் உயரம் 55 மீட்டர். அதே டர்பைனின் 3.1 மடங்கு சிறிய மாதிரி ஆல்வ்கார்லேபியில் உள்ள வாட்டன்ஃபால் மின் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருக்கிறது. இரண்டிலும் ரன்னர் இறக்கையின் மேலேயே அழுத்த சென்சார் பதித்து, ஒரே லோடில் ஓட்டி, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது என்று பார்த்தார்கள். மாதிரி எவ்வளவு தூரம் உண்மை சொல்கிறது என்பதை இப்படி நேருக்கு நேர் சரிபார்க்க வாய்ப்புக் கிடைப்பது அபூர்வம்.

பொர்யூஸில் 1998ல் ஒரு விசித்திரமான ஜெனரேட்டர் வந்தது. ஏபிபி நிறுவனத்தில் மாட்ஸ் லெய்யோன் உருவாக்கிய பவர்ஃபார்மர். ஸ்டேட்டரில் (ஜெனரேட்டரின் அசையாத பகுதி) வழக்கமான சுருளுக்குப் பதில் உயர் அழுத்தக் கேபிளையே சுற்றியிருந்தார்கள். அதனால் 45 கிலோவோல்ட்டை ஜெனரேட்டரிலிருந்து நேராக எடுக்க முடிந்தது. நடுவில் டிரான்ஸ்பார்மர் தேவையில்லை. யோசனை அழகு. வியாபாரத்தில் ஒரு சில இடங்களைத் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை. என் கணக்கில் இது ஆராய்ச்சி நிலையத்தின் தோல்வி அல்ல. இப்படி ஒரு பொருளை முழு அளவில், நிஜத் தண்ணீரில், நிஜக் கிரிட்டில் ஓட்டிப் பார்க்க எங்காவது ஓர் இடம் வேண்டும். வாடிக்கையாளரின் நிலையத்தில் போய்ப் பரிசோதனை செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்து, அங்கே போய் எப்படி அளக்கிறார்கள் என்பது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியாது. டர்பைனின் செயல்திறன் வேண்டுமென்றால் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று தெரிய வேண்டும். ஐந்து மீட்டர் விட்டமுள்ள குழாயில் ஓடும் தண்ணீரை எப்படி அளப்பது? அதற்குச் சாதாரண மீட்டர் உதவாது. நார்மன் கிப்சன் 1920களில் ஒரு வழி சொன்னார்: கதவைச் சட்டென்று மூடு, ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நிற்கும்போது குழாயில் அழுத்தம் எழும், அந்த எழுச்சியைக் கால அளவோடு வரைந்தால் எவ்வளவு ஓடியது என்று கணக்கிடலாம்.

எனக்குப் பிடித்தது இன்னொரு முறை, வெப்பத்தை வைத்துச் செய்வது. டர்பைனில் வீணாகும் சக்தி எங்கே போகும்? தண்ணீரைத்தான் சூடாக்கும். ஒரு மீட்டர் உயரத்துக்குரிய சக்தி முழுவதும் வெப்பமானால் தண்ணீரின் வெப்பநிலை 0.0023 டிகிரி உயரும். 500 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நிலையத்தில் ஒரு சதவீத இழப்பு என்றால் ஐந்து மீட்டர். அதாவது ஏறத்தாழ 0.012 டிகிரி. உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் இடையே அந்த வித்தியாசத்தை, ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியத்தில் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் தண்ணீரின் அளவே தெரியாமல் செயல்திறன் கிடைத்துவிடும். உயரம் 100 மீட்டருக்கு மேல் உள்ள நிலையங்களில் இது நன்றாகச் செல்லும். அதற்குக் கீழே இருந்தால் வித்தியாசம் அவ்வளவு சிறியது, அளவைப் பிழையில் கரைந்துபோகும்.

ரன்னரின் மேல் ஒட்டும் சென்சார் இன்னும் மோசமான சமாச்சாரம். தண்ணீர் வேகமாக அறைந்துகொண்டிருக்கும் இறக்கையில் ஒட்ட வேண்டும், ஒயரைத் தண்டுக்குள் துளை வழியாக மேலே கொண்டுவர வேண்டும், சுற்றும் தண்டிலிருந்து ரேடியோ வழியாக எடுக்க வேண்டும். ஓட்ட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே சில சென்சார்கள் பிய்ந்துபோவதும் உண்டு. ஆனாலும் இப்படித்தான் ஒரு முக்கியமான விஷயம் தெரியவந்தது. பல பிரான்சிஸ் டர்பைன்களில் ரன்னருக்கு அதிகப் பாடு முழு லோடில் இல்லை. ஸ்டார்ட் செய்யும் அந்தச் சில நொடிகளிலும், லோடில்லாமல் சும்மா சுற்றும்போதும்தான். ரன்னருக்குள் தண்ணீரை விடும் கைடு வேன் கதவுகளை எந்த வேகத்தில், எவ்வளவு திறக்கிறோம் என்பதை மாற்றினாலே அந்தப் பாடு கணிசமாகக் குறையும். ஒரு பைசா உதிரிப்பாகம் வாங்காமல், கட்டுப்பாட்டு மென்பொருளில் சில எண்களை மாற்றி இயந்திரத்தின் ஆயுளைக் கூட்டலாம். அப்புறம் யார் வேண்டாம் என்பார்கள்?

ஐரோப்பாவில் 2019ல் தொடங்கிய எக்ஸ்ஃப்ளெக்ஸ் ஹைட்ரோ என்ற திட்டம் முழுக்க இப்படி ஏற்றி இறக்கி ஓட்டுவதைப் பற்றியதுதான். சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், போர்ச்சுகல் ஆகிய நாடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் நிலையங்களையே சோதனைக் களமாக எடுத்துக்கொண்டார்கள். ரைன் ஆற்றில் உள்ள வோகெல்க்ரூன் நிலையத்தில் ஒரு பேட்டரியை இணைத்தார்கள். கப்லான் டர்பைனில் இறக்கையின் கோணத்தை மாற்றிக்கொண்டே இருக்கலாம். ஆனால் கிரிட் அதிர்வெண்ணின் ஒவ்வொரு சின்ன அசைவுக்கும் இறக்கையை அசைத்தால் உள்ளே இருக்கும் இணைப்புகள் தேய்ந்துபோகும். அந்தச் சின்ன அசைவுகளைப் பேட்டரி பார்த்துக்கொண்டால், டர்பைன் பெரிய அசைவுகளுக்கு மட்டும் நகர்ந்தால் போதும். ஆல்ப்ஸில் 1,800 மெகாவாட் கிராண்ட் மெசோன் நிலையத்தில் வேறொன்று: ஒரே நேரத்தில் சில இயந்திரங்கள் தண்ணீரை மேலே ஏற்றும், சில கீழே விட்டு மின்சாரம் எடுக்கும். கேட்டால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். பம்ப் பெரும்பாலும் ஒரே அளவு மின்சாரத்தைத்தான் இழுக்கும், கூட்டிக் குறைக்க முடியாது. பக்கத்தில் டர்பைனும் ஓடினால் நிகர அளவை நினைத்தபடி மாற்றலாம். கிரிட்டுக்கு வேண்டியது அந்த வசதிதான். ஆனால் ஒரே குழாய் அமைப்பில் இரண்டு திசை ஓட்டமும் சந்திக்கும் இடத்தில் என்ன நடக்கும் என்பதைப் பார்த்துத்தான் அனுமதிக்க முடியும்.

அமெரிக்காவில் ஐடஹோ தேசிய ஆய்வகம், ஐடஹோ ஃபால்ஸ் நகராட்சியின் சிறிய ஆற்றோட்ட நிலையத்தில் (பெரிதாகத் தேக்காமல் ஆற்று ஓட்டத்திலேயே இயங்குவது) 2021ல் செய்த சோதனையும் இதே ரகம். ஊரே இருண்டுபோனால் வெளி மின்சாரம் இல்லாமல் இந்தச் சிறிய நிலையம் தானாக எழுந்து நின்று ஊருக்கு மின்சாரம் தர முடியுமா? டர்பைன் மட்டும் இருந்தால் ஒவ்வொரு பெரிய லோடு சேரும்போதும் அதிர்வெண் தடுமாறும். மின்சாரத்தைச் சேர்த்துவைத்துச் சட்டென்று தரும் அல்ட்ரா கெப்பாசிட்டர்களைத் துணைக்கு வைத்தபோது அந்த முதல் சில நொடிகளைத் தாண்ட முடிந்தது.

சோதனைக்கென்றே கட்டப்பட்ட நிலையங்களும் உண்டு. கனடாவின் அனாபொலிஸ் ராயல் 1984ல் தொடங்கிய 20 மெகாவாட் ஓதமின் நிலையம் (கடல் ஏற்றவற்றத்தில் ஓடுவது); டர்பைனின் விளிம்பிலேயே ஜெனரேட்டரை வைக்கும் வடிவத்தைச் சோதிக்க வந்தது, 2019ல் நின்றது. ஜப்பானின் ஒகினாவாவில் யன்பாரு நிலையம் 1999ல் இயங்கத் தொடங்கியது. 30 மெகாவாட், கடல்நீரையே குன்றின் மேலுள்ள எண்கோணக் குளத்துக்கு ஏற்றி இறக்கும் நிலையம். உப்புநீர் கசிந்து மண்ணைக் கெடுக்காமல் இருக்க குளத்துக்கு ரப்பர் விரிப்பு, துரு ஏறாமல் இருக்க கண்ணாடி நாரிழைக் குழாய், வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஜெனரேட்டர். தொழில்நுட்பமாக எல்லாம் வேலை செய்தது. செலவுக் கணக்கு ஒத்துவரவில்லை, 2016ல் கழற்றிவிட்டார்கள். கடல்நீர் நீரேற்று நிலையம் பற்றி உலகில் யார் பேசினாலும் இன்றும் யன்பாருவின் அனுபவத்தைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்.

இப்போது, மணல் டர்பைனைத் தேய்ப்பது. இதை ஆய்வகத்தில் செய்யவே முடியாது என்று நான் துணிந்து சொல்வேன். பனியாறுகள் அரைத்து அனுப்பும் தண்ணீரில் குவார்ட்ஸ் துகள்கள் இருக்கும். டர்பைன் உருக்கைவிடக் கடினமானவை. சுவிட்சர்லாந்தின் ஃபீஷர்டால் நிலையத்தில் 2012 முதல் பல வருடம் இதைத் தொடர்ந்து அளந்தார்கள். அங்கே உயரம் சுமார் 500 மீட்டர். வாளிகள் பொருத்திய பெல்டன் என்ற வகை டர்பைன் சக்கரத்தின் மேல் தண்ணீர் வினாடிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் வேகத்தில் பாயும். அந்த வேகத்தில் மணலும் சேர்ந்து வருகிறது. பெல்டன் வாளியின் நடுவில் ஒரு கூர்மையான விளிம்பு இருக்கும். பாயும் தண்ணீரை இரண்டாகப் பிளப்பது அதுதான். அது மழுங்கினால் தண்ணீர் சுத்தமாகப் பிளக்காமல் சிதறும், செயல்திறன் இறங்கும். எனவே ஒரு பக்கம் லேசர், ஒலி, கலங்கல்மானி என்று பல கருவிகளால் மணலின் அளவையும் பருமனையும் அளந்தார்கள், இன்னொரு பக்கம் விளிம்பு எவ்வளவு தேய்ந்தது, கடினப் பூச்சு எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார்கள், மூன்றாவதாகச் செயல்திறன். மூன்றையும் ஒரே இடத்தில் பல பருவம் தொடர்ந்து சேர்த்துப் பார்த்தால்தான் பயன். தேய்மானம் வருடம் முழுவதும் சீராக நடப்பதில்லை. சில வெள்ள நாட்களில் வரும் கரடுமுரடான மணல் மாதக்கணக்கான சேதத்தைச் செய்துவிடும். அந்த மணி நேரங்களில் நிலையத்தை நிறுத்திவைத்து வருமானத்தை விடுவது லாபமா, ஓட்டிவிட்டுச் சக்கரத்தைப் பழுதுபார்ப்பது லாபமா? இமயமலை ஆறுகளில் நிலையம் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. காத்மாண்டு பல்கலைக்கழகத்தின் டர்பைன் ஆய்வகம் பல வருடமாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

மீன்கள் விஷயமும் நிலையத்திலேயே பார்க்க வேண்டியதுதான். அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் ‘சென்சார் மீன்’ என்ற கருவியைச் செய்தது. 9 சென்டிமீட்டர் நீளம், சுமார் 42 கிராம் எடை, தண்ணீரில் மூழ்காமலும் மிதக்காமலும் நிற்கும் உருளை. வினாடிக்கு 2,048 முறை அழுத்தத்தையும் முடுக்கத்தையும் பதிவுசெய்தபடி டர்பைனுக்குள் போய் மறுபக்கம் வெளிவரும். இறக்கை இடித்ததா, அழுத்தம் சட்டென்று இறங்கியதா என்று அந்தப் பதிவில் தெரியும். அழுத்தம் இறங்குவதும் கொடுமைதான். மீனின் காற்றுப்பை விரிந்து வெடிக்கும். ஸ்னேக் ஆற்றின் ஐஸ் ஹார்பர் அணையில் மீனுக்குத் தோதான புதிய ரன்னரை வடிவமைக்க இந்த வகை அளவீடுகள் பயன்பட்டன.

நிலையத்தை விட்டு நீர்த்தேக்கத்துக்கு வந்தால், பிரெஞ்சு கயானாவின் பெட்டி சோ அணை. 1994ல் காடு மூழ்கியது. மூழ்கிய மரமும் இலையும் ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் மக்கி மீத்தேன் உண்டாகும். டர்பைன் அந்த ஆழத்துத் தண்ணீரைத்தான் இழுக்கிறது. வெளியே வந்ததும் அழுத்தம் விட்டுப்போய், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல வாயு கிளம்பிவிடும். ஏரியின் மேற்பரப்பை மட்டும் அளந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. அணைக்குக் கீழே ஆற்றிலும் பல வருடம் அளந்ததால்தான் நீர்மின்சாரம் எப்போதும் சுத்தம் என்ற நம்பிக்கை வெப்பமண்டலத்தில் ஆட்டம் கண்டது. கனடாவில் கியூபெக்கின் ஈஸ்ட்மெய்ன்-1 நீர்த்தேக்கத்தில் இன்னும் முன்னெச்சரிக்கையாக, தண்ணீர் நிரப்பும் முன்பே அளக்கத் தொடங்கி, நிரம்பிய பின்னும் தொடர்ந்தார்கள். முன்னும் பின்னும் இரண்டும் கையில் இருக்கும் இடம் அபூர்வம். அந்த ஆய்வின் மதிப்பே அதுதான்.

சுரங்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சுவிட்சர்லாந்தின் கிரிம்செல் ஆய்வுக்கூடம், அணுக்கழிவைப் பாறையில் புதைப்பது பற்றி 1984 முதல் ஆராயும் இடம், ஒரு நீர்மின் நிறுவனத்தின் சுரங்கப்பாதையிலிருந்துதான் பிரிகிறது. சீனாவின் ஜின்பிங் மலையடி ஆய்வகம் நீர்மின் திட்டத்துக்குத் தோண்டிய சுரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பிரபஞ்சத்தில் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளைத் தேடுகிறது. தென்கொரியாவின் யாங்யாங் நீரேற்று நிலையத்துக்குள்ளும் அப்படி ஓர் ஆய்வகம் இயங்கியது. இவை மின்சாரத்தைப் பற்றியவை அல்ல. மலையைத் தோண்டும் செலவை வேறு யாரோ ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள் என்ற வசதிதான்.

இவ்வளவு நன்மை இருந்தும் ஏன் எல்லா நிலையமும் கதவைத் திறப்பதில்லை? கருவி இல்லாததால் இல்லை, ஆராய்ச்சியாளர் இல்லாததாலும் இல்லை. இயந்திரத்தின் நேரம்தான் கிடைப்பதில்லை. சென்சார் பதிக்கத் தண்ணீரை வடிக்க வேண்டும். ஆய்வாளர் கேட்பது பெரும்பாலும் ஓட்டக் கூடாத லோடு. நிலையத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு அது நஷ்டமும் பயமும். ஏதாவது உடைந்தால் பதில் சொல்ல வேண்டியது அவர்தான், ஆய்வுக் கட்டுரையில் பெயர் வருவது வேறொருவருக்கு. ரன்னரின் வடிவம் தயாரிப்பாளரின் ரகசியம் என்பது இன்னொரு சுவர். அந்தச் சுவரில் கொஞ்சம் துளை போட்டது நார்வேயின் என்டிஎன்யூ பல்கலைக்கழகம். டொக்கே நிலையத்தின் டர்பைனை 5.1 மடங்கு சுருக்கிய மாதிரியின் வடிவத்தையும் அளவீடுகளையும் ‘பிரான்சிஸ்-99’ என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். உலகெங்கும் உள்ள மாணவர்கள் தங்கள் கணினிக் கணக்கை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு நிலையம் இருந்து, அங்கே ஏதாவது செய்ய முடியுமா என்ற எண்ணத்தில் கேட்டிருந்தால், முதலில் விசாரிக்க வேண்டியது பழைய இயந்திரத்தைப் புதுப்பிக்கும் திட்டம் ஏதாவது இருக்கிறதா என்று. புதுப்பிக்க எப்படியும் இயந்திரத்தை நிறுத்துவார்கள், தண்ணீரை வடிப்பார்கள், பிரிப்பார்கள். சென்சார் பதிக்கத் தனியாக அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை, அந்த வேலையோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே மாதிரி மூன்று நான்கு இயந்திரம் உள்ள இடமாக இருந்தால் இன்னும் நல்லது. ஒன்றை மாற்றிவிட்டு மற்றதோடு ஒப்பிடலாம். பழைய ரன்னரின் செயல்திறனையும் அதிர்வையும் பிரிப்பதற்கு முன்பே அளந்துவிடச் சொல்லுங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போன பிறகு அதை அளக்க முடியாது.